கால் நீட்ட விட்ட இடமில்லை அது

"எக்ஸ்ட்ரா லெக்ரூம்" என்று கூடுதல் காசுக்கு விற்கிறார்களே, எமர்ஜென்சி எக்ஸிட் வரிசை சீட், அந்த இடைவெளி உங்கள் முட்டிக்காக விட்டதில்லை. மற்றவர்கள் தப்பி ஓட விட்ட வழி. விற்கிறவர்களும் இதைச் சொல்வதில்லை, வாங்குகிறவர்களும் கேட்பதில்லை.

1985 ஆகஸ்ட் 22, இங்கிலாந்தின் மான்செஸ்டர். பிரிட்டிஷ் ஏர்டூர்ஸின் போயிங் 737 ரன்வேயில் வேகமெடுக்கும்போது இடது இன்ஜின் உடைந்து தீப்பிடித்தது. விமானம் தரையை விட்டு எழும்பவே இல்லை. இருந்தும் 137 பேரில் 55 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்களைக் கொன்றது நெருப்பு இல்லை, புகை.

வலது இறக்கைக் கதவை (இறக்கைக்கு மேலே திறக்கும் எமர்ஜென்சி கதவு) ஒட்டி உட்கார்ந்திருந்த பெண் பதற்றத்தில் கதவின் கைப்பிடி என்று நினைத்து சீட்டின் ஆர்ம்ரெஸ்ட்டை இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிச் சரியான கைப்பிடியை இழுத்ததும், 22 கிலோ கதவு உள்பக்கம் சாய்ந்து அந்தப் பெண் மேலேயே விழுந்தது. பின்வரிசை ஆள் அதைத் தூக்கிப் போட்ட பிறகுதான் வழி திறந்தது. அதற்குள் விமானம் நின்று சுமார் 45 விநாடி. இதற்குப் பிறகுதான் அந்த வரிசையில் இடைவெளியை அகலமாக்கச் சொல்லி பிரிட்டனில் உத்தரவு வந்தது. இன்று நாம் காலை நீட்டிக்கொள்வது அங்கேதான்.

அங்கே உட்காருகிறவருக்கு வேலை இருக்கிறது. முதலில் ஜன்னல் வழியாக வெளியே பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் தீ இருந்தால் கதவைத் தொடவே கூடாது; திறந்தால் புகையை நாமே உள்ளே அழைப்பது போல. விமானம் மேலே ஏறும்போதும் தரையிறங்கும்போதும் ஜன்னல் மறைப்பைத் திறக்கச் சொல்வதில் இதுவும் ஒரு காரணம். ஏர்பஸ் ஏ320-இல் இறக்கைக் கதவு தனியாகக் கழன்று கையோடு வரும், ஏறக்குறைய 15 கிலோ. அதை வெளியே வீசிவிட வேண்டும், சீட்டில் வைத்தால் வழி போச்சு. போயிங் 737-800-இல் கைப்பிடியை இழுத்தாலே போதும், கதவு மேல்நோக்கித் தானாகத் திறந்துகொள்ளும். ஏ320-இல் இறக்கைக்குப் பின்னால் சறுக்குப்பலகை காற்று நிரம்பி விரியும். 737-இல் அந்த இடத்தில் அது கிடையாது. இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கிய ஃப்ளாப் என்ற தகடு வழியாகச் சறுக்க வேண்டும். இரண்டு விமானத்துக்கும் பழக்கம் வேறு. சீட் பையில் இருக்கும் அட்டையைப் பார்க்காமல் இது எப்படித் தெரியும்? பணியாளர் வந்து விளக்கும்போது ஹெட்போனைக் கூடக் கழற்றாமல் தலையாட்டுகிறோம்.

அடுத்தது பை. புதிய ரக விமானத்துக்கு அனுமதி வாங்க, பாதிக் கதவுகளை மட்டும் வைத்து, இருட்டில், 90 விநாடிக்குள் எல்லாரும் வெளியேற முடியும் என்று காட்ட வேண்டும். 2006-இல் ஹாம்பர்கில் ஏ380-இல் 873 பேர் 78 விநாடியில் இறங்கினார்கள். அவர்களில் யாரும் எட்டி மேலேயிருந்து டிராலியை இறக்கிக்கொண்டு நிற்கவில்லை. நிஜத்தில் நாம் அதைத்தான் செய்வோம், லேண்ட் ஆனதும் நாம் எழுந்து நிற்கிற வேகத்தைப் பார்த்தாலே தெரியும். பையின் சக்கரமோ கொக்கியோ சறுக்குப்பலகையைக் கிழித்தால் அந்தக் கதவே வீண்.

2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350 ரன்வேயில் கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதி எரிந்தது. எட்டுக் கதவில் மூன்றுதான் பயன்பட்டன. உள் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. பணியாளர்கள் மெகாஃபோனிலும் தொண்டையிலும் கத்தினார்கள். ஏ350-இல் இருந்த 379 பேரும் பிழைத்தார்கள். பெரும்பாலோர் கையில் பெட்டி இல்லை.

2025 ஜூனில், அகமதாபாத் விமான விபத்தில் எமர்ஜென்சி எக்ஸிட் பக்கத்து 11ஏ சீட்காரர் ஒருவர் மட்டும் பிழைத்ததும் எல்லாருக்கும் 11ஏ வேண்டியிருந்தது. வேறு ரக விமானத்தில் 11ஏ வெறும் ஜன்னல் சீட்டாக இருக்கலாம். நம்பர் எதுவாகவும் இருக்கட்டும், உட்கார்ந்ததும் முன்னும் பின்னும் கதவு வரை எத்தனை சீட் என்று எண்ணி வையுங்கள். புகையில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கையால் சீட்டைத் தடவித்தான் போக வேண்டியிருக்கும்.