பெட்டியில் குற்றமில்லை, உள்ளே ஏற்றியதில்தான்

டிவியில் படம் பார்க்க உதவும் கோடி (Kodi) செயலியே சட்டவிரோதம் என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அது சரியில்லை. கோடி வெறும் பிளேயர்தான், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள், 2014 வரை எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் இருந்தது. அதற்குள் ஒரு படம்கூடக் கிடையாது. சிக்கல் எல்லாம் அனுமதியில்லாமல் படத்தையும் கிரிக்கெட்டையும் இழுத்துத் தரும் ஆட்-ஆன்களில்தான், அதாவது கோடிக்குள் வெளியார் ஏற்றும் துணை நிரல்களில்தான்.

நானும் ஏமாந்தவன்தான். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் "அண்ணே, எல்லா சேனலும் வரும், மாதக் காசே இல்லை" என்று டிவியோடு இணைக்கும், கோடியும் ஆட்-ஆன்களும் ஏற்றிய ஒரு ஆண்ட்ராய்டு பெட்டியைத் தலையில் கட்டினார்கள், மூன்று மாதம் நன்றாக ஓடியது, அப்புறம் ஒரு மேட்ச்சில் கடைசி ஓவர் நேரம் பார்த்து வட்டம் சுற்றத் தொடங்கியது, இன்னும் சுற்றுகிறது. கடையில் கேட்டால் "சேர்வர் போய்விட்டது" என்கிறார்கள்.

இப்படி ஆட்-ஆன் ஏற்றிப் பெட்டி விற்ற நெதர்லாந்துக்காரரின் வழக்கில், விற்பது மட்டுமல்ல, தெரிந்தே அதில் பார்ப்பதும் சட்டப்படி சரியல்ல என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017இல் சொன்னது. அந்தத் தீர்ப்பு இங்கே இலங்கையில் செல்லாது, சரி. ஆனால் நமக்கும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறதே, பதிப்புரிமையும் அதில்தான் வருகிறது. "டவுன்லோட் பண்ணவில்லை, பார்க்க மட்டும்தானே செய்கிறேன்" என்று என் மச்சான் வெள்ளவத்தையில் உட்கார்ந்துகொண்டு வாதாடுகிறார், விற்ற கடைக்காரராவது அப்படிச் சொல்லித் தப்ப முடியுமா?