மாமாவை அழுத முகத்தோடு நினைக்க வேண்டாம்

சென்ற மாதம் காலமான என் தாய்மாமா, வாடிப்பட்டிக்கும் அலங்காநல்லூருக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நெல் விளைவித்தவர்; அத்தனை ஆண்டுகளும் தம்மைச் சுற்றியிருந்தவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தவர். அவருக்காக வந்த இரங்கல் செய்திகள் பலவற்றில் இதன் முதல் பாதி மட்டுமே இருந்தது. மண்ணோடு மல்லுக்கட்டியவர், ஊருக்குச் சோறு போட்டுவிட்டுத் தாம் ஒன்றும் காணாமல் போனவர் என்று அன்போடுதான் எழுதியிருந்தார்கள். அஞ்சலிப் பதாகை அடித்தவர்களோ, அவருடைய படத்துக்குப் பின்னால் பாளம் பாளமாக வெடித்த நிலத்தைப் போட்டுவிட்டார்கள். விவசாயி என்றால் துயரம் என்று நாமாகவே எழுதி வைத்துக்கொண்ட ஓர் உருவத்துக்குள், வாழ்நாள் முழுவதும் அதற்குள் அடங்காமல் இருந்த ஒரு மனிதரைக் கொண்டுபோய் அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவருடைய வயல், பேரணைக்கும் கள்ளந்திரிக்கும் இடையே பெரியாறு பிரதானக் கால்வாயில் பாயும் 45,041 ஏக்கர் இருபோகப் பாசனத்துக்குள் வருவது. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் வைகை அணைக்கு வந்து, அங்கிருந்து பேரணையில் பிரிந்து இந்த வயல்களுக்கு வருகிறது. அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் மாதத்தில் முதல் போகத்துக்குத் திறப்பார்கள். இல்லையென்றால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். ஊரே கவலையோடு பேசும் இந்த அணை நிலவரத்தை மாமா பந்தயமாக்கி வைத்திருந்தார். 71 அடி கொள்ளும் வைகை அணை அடுத்த வாரம் எத்தனை அடியைத் தொடும் என்று டீக்கடையில் ஆளுக்கொரு கணக்குச் சொல்ல வேண்டும். தோற்றவர் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தர வேண்டும். நீர்மட்டம் இறங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் அந்தப் பந்தயம் நிற்கவில்லை. கவலையைத் தனியாக வீட்டுக்குள் வைத்துக்கொண்டு உட்காராமல், பத்துப் பேர் நடுவில் கொண்டுவந்து வைக்கும் வழி அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

நடவு நாள்தான் அவருக்குத் திருவிழா. எங்கள் பக்கத்தில் நடவு நடக்கும் வயலை ஒட்டி வெளியாள் யாராவது நடந்து போனால், நடுகிற பெண்கள் வரப்பேறி வந்து அவர் காலடியில் நாற்று முடியை வைத்துக் குலவையிட்டுக் காசு கேட்பார்கள். கொடுக்காமல் நகர முடியாது. மாமா செய்ததெல்லாம், அன்றைக்கு வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை, குறிப்பாகப் புது மாப்பிள்ளைகளை, ‘ரோட்டு வழி சுற்று மாப்பிள்ளை, வரப்பு வழியாகப் போனால் பக்கம்’ என்று சொல்லி அனுப்பிவிடுவது மட்டும்தான். வெள்ளை வேட்டியும் புதுச் செருப்புமாகப் பாதி வரப்பில் மாட்டிக்கொண்டு நிற்கும் மாப்பிள்ளையைப் பார்த்து, உழுது சேறாக்கிய தொழிக்குள் நிற்கும் அத்தனை பேரும் சிரிப்பார்கள். மாமா எதுவும் அறியாதவரைப் போல, குனிந்து நாற்று முடிகளைப் பிரித்து வீசிக்கொண்டிருப்பார். வசூலான காசுடன் தாமும் கொஞ்சம் போட்டு, எல்லோருக்கும் வடையும் பருத்திப்பாலும் வரவழைப்பார். நடவுக்கு ஆள் கிடைக்காமல் ஊரே திண்டாடிய நாட்களில் அவருடைய வயலுக்கு மட்டும் ஆள் வந்ததற்குக் கூலி காரணமில்லை. எல்லோரும் கொடுத்த கூலியைத்தான் அவரும் கொடுத்தார்.

மடைத் தகராறு இல்லாத ஊர் எங்கள் பாசனத்தில் கிடையாது. ஒருமுறை, முறைத் தண்ணீர் யாருக்கு என்று பங்காளிகள் இருவர் மம்பட்டியை ஓங்கிக்கொண்டு நின்றபோது, மாமா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மடைவாயிலேயே நீட்டிப் படுத்துவிட்டார். ‘வெட்டுங்கப்பா, தலைப்பக்கத் தண்ணி மேல வயலுக்கு, கால்பக்கத் தண்ணி கீழ வயலுக்கு’ என்றாராம். சேறு சொட்டச் சொட்ட எழுந்தவரைப் பார்த்து அவர்கள் இருவருமே சிரித்துவிட்டார்கள் என்று அத்தை இன்றும் சொல்வார்.

2014 மே 7ஆம் தேதியை அவர் அடிக்கடி நினைவுகூர்வார். அன்றுதான் உச்ச நீதிமன்றம் முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதே நாளில்தான் சல்லிக்கட்டுக்கும் தடை விதித்தது. எங்கள் பகுதி விவசாயிக்கு ஒரே நாளில் இப்படி இரண்டும் வந்து சேர்ந்ததைப் போல வேறொரு நாளை நான் கண்டதில்லை. மாமா பட்டாசும் வெடித்தார், கட்டுத்தறியில் நின்ற காளையின் திமிலைத் தடவிக்கொண்டு வெகுநேரம் பேசாமலும் நின்றார். பலர் காளைகளை விற்ற அந்த ஆண்டுகளில் அவர் விற்கவில்லை. வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டபோது, வைக்கோலுக்கே அலைய வேண்டியிருந்தது. அப்போதும் பருத்திக்கொட்டைக்கும் தவிட்டுக்கும் எங்கேயாவது பணம் புரட்டினார். போராட்டத்துக்குப் பின் சட்டம் வந்து, பிப்ரவரி 10 அன்று அலங்காநல்லூரில் வாடிவாசல் திறந்தபோது, அவருடைய காளையை ஒரு கல்லூரி மாணவன் திமிலோடு அணைத்துப் பிடித்துவிட்டான். எங்களுக்கெல்லாம் முகம் விழுந்துவிட்டது. மாமா அந்தப் பையனைத் தேடிப்பிடித்துத் தோளில் கைபோட்டு, ‘என் மாட்டுக்கு முத்தம் கொடுத்தவன் எனக்கு மருமகன்’ என்று அறிவித்து, வீட்டுக்குக் கூட்டிவந்து கறிச்சோறு போட்டார். விளைச்சல் இல்லாத ஆண்டு அது.

இதையெல்லாம் சொல்வதால் அவருக்குக் கஷ்டமே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அறுத்த நெல்லைக் குவித்துவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இறங்க வேண்டுமே என்று கொள்முதல் களத்தில் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் இரவெல்லாம் விழித்துக் கிடந்தவர்தான். நகை அடகில் இருந்த காலமே அதிகம். ஆனால் துயரத்தை மட்டும் பேசுகிறவர்கள், ஒரு மனிதர் ஏன் இந்தத் தொழிலைக் கடைசி வரை விடவில்லை என்பதற்குப் பதில் சொல்ல முடியாது. வேறு வழியில்லாமல் கிடந்தார் என்பார்கள். அவருக்கு வழி இருந்தது. நகரத்தில் வேலை வாங்கித் தருவதாகத் தம்பி பலமுறை அழைத்தார். வயலில் கிடைத்த மகிழ்ச்சி அங்கே கிடைக்காது என்று தெரிந்துதான் போகவில்லை. விவசாயியைத் தியாகியாக்கிக் கும்பிடுவது நமக்கு எளிது. தம் தொழிலை ரசித்துச் செய்த கெட்டிக்காரர் என்று சொன்னால், அவருடைய நெல்லுக்குக் கெட்டிக்காரனுக்குரிய விலையை அல்லவா கொடுக்க வேண்டியிருக்கும்? ‘பாவம், விவசாயி’ என்று கேட்டுக் கேட்டு வளரும் பிள்ளைகள் வயல் பக்கம் வராததற்கும் இதில் பங்குண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

காரியத்தன்று அவர் செய்த குறும்புகளைச் சொல்லி முற்றத்தில் எல்லோரும் சிரித்ததை, வெளியூர் உறவினர் ஒருவர் மரியாதைக் குறைவு என்றார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘அவர் இருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பார்’ என்று மட்டும் சொன்னார்.

வருடாந்திரத்துக்கு வேறு பதாகை வைக்கப்போகிறோம். அலங்காநல்லூரில் அந்த மாணவனோடு அவர் எடுத்துக்கொண்ட படம் மகனின் கைப்பேசியில் இருக்கிறது. அதைத்தான் போடச் சொல்லியிருக்கிறேன். இப்போதெல்லாம் எங்கள் வயலிலும் இயந்திர நடவுதான். இந்த ஜூனில் தண்ணீர் திறந்தால் வீட்டை ஒட்டிய மேட்டு வயலையாவது ஆள் வைத்து நட வேண்டும் என்று அத்தை பிடிவாதமாக இருக்கிறார். அன்றைக்கு ஊருக்கு வருகிற மாப்பிள்ளைகள் சட்டைப்பையில் சில்லறை வைத்துக்கொண்டு, வரப்பு வழியாகவே வரவும்.