பழைய எஞ்சினாம், அதான் கத்துதாம்

நேற்று நம் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சுகோய் போர் விமானம் போன சத்தத்தைப் போட்டு, "ரஷ்யாக்காரன் பழைய எஞ்சின், அதான் இப்படிக் கத்துது, பிரெஞ்சுக்காரன் ரஃபேல்னா பூனை மாதிரி போகும்" என்று பெரியவர் ஒருவர் சொல்ல, வரிசையாகக் கைதட்டல். நான் மூன்று வரி மறுத்து எழுதினேன். "தம்பி, கம்ப்ரஸர் ரிப்பேர் பாக்குற உனக்கு இது எதுக்குப்பா?" என்றார்.

சரி, கம்ப்ரஸரிலிருந்தே வருகிறேன். ஏர் கன்னை அழுத்தினால் உஸ்ஸென்று காதைக் கிழிக்கிறதே, உள்ளே எதுவும் தேய்ந்தா போயிருக்கிறது? வேகமாக வெளியே வரும் காற்று, சும்மா நிற்கிற காற்றில் மோதிக் குலைகிறது, அங்கேதான் சத்தம். போர் விமானத்திலும் அதே கதைதான். பழசு புதுசு இல்லை ஐயா, பின்னால் பீறிடும் காற்றின் வேகம்! லைட்ஹில் என்ற பிரிட்டிஷ் கணித அறிஞர் 1952-லேயே கணக்குப் போட்டுவிட்டார்: ஓரளவு வரை, அந்த வேகம் இரண்டு மடங்கானால் சத்தத்தின் ஆற்றல் 256 மடங்கு.

ஏ320 நியோ என்ற பயணிகள் விமானத்தின் லீப் எஞ்சினில், எரிகிற பாதைக்குள் போவதைப்போல் சுமார் 11 மடங்கு காற்றைப் பெரிய விசிறி வெளிப்பக்கமாக மெதுவாகத் தள்ளிவிடும், அதனால் சத்தம் குறைவு. சுகோயில் அது ஒரு மடங்குகூட இல்லை. அவ்வளவு பெரிய விசிறியைக் கட்டிக்கொண்டு ஒலியின் வேகத்தைத் தாண்ட முடியாது. போதாததற்கு ஆஃப்டர்பர்னர், அதாவது சூடாக வெளியேறும் காற்றிலேயே மறுபடி எரிபொருளை ஊற்றிக் கொளுத்துவது. அப்போது அந்தத் துணி கிழிகிற மாதிரியான படபடப்பு இன்னும் பலமாகும்.

"சைலன்சர் மாட்டலாமே" என்று ஒருவர். சத்தம் பிறப்பதே குழாய்க்கு வெளியே, எங்கே மாட்டுவது, ஆகாயத்திலா? அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானம் புதுசுதானே? அங்கே பர்லிங்டன் ஊர்க்காரர்கள் பழைய எஃப்-16 விமானமே தேவலை என்று புலம்புகிறார்கள். ரஃபேல் பூனையா என்று 2024 அக்டோபரில் விமானப்படை சாகசம் பார்க்க மெரினாவில் நின்றவர்களைக் கேளுங்கள்.

"அப்போ நாங்க பொறுத்துக்கணுமா?" நான் எங்கே அப்படிச் சொன்னேன்? 2020 ஜனவரியில் தஞ்சாவூருக்கு சுகோய் படை வந்ததிலிருந்து நானும் இதே ஆகாயத்துக்குக் கீழேதான் இருக்கிறேன். முதல் தடவை தலைக்கு மேல் போனபோது எங்கள் கன்றுக்குட்டி முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வாய்க்காலில் விழுந்தது. அம்மா இன்றைக்கும் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடிவருகிறார். கஷ்டம்தான், யார் இல்லை என்றது? அதற்காக வாய்க்கு வந்ததைக் காரணம் என்று சொல்வதா?

போன தீபாவளிக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்கு, இதே பெரியவர் வீட்டு போர்வெல் கம்ப்ரஸர் நின்றுபோனபோது "நீதாம்ப்பா எஞ்சினியர்" என்றார். வால்வு பிளேட் மாற்றியதற்கு 1,400 ரூபாய் இன்னும் வரவில்லை. அதைக் குரூப்பிலேயே கேட்டுவிடலாம் என்று போனேன், அதற்குள் என்னை நீக்கியிருந்தார்கள்.