அந்தக் குழந்தையின் நாக்கில் எந்தக் கோளாறும் இல்லை

இரண்டு நாளாக அந்த வீடியோ என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். இணைப்பு தர மாட்டேன், இன்னும் நாலு பேர் பார்த்துச் சிரிப்பதற்கு நான் காரணமாக இருக்க விரும்பவில்லை. ஏழு வயது இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. ஒரு தமிழ்ப் பேச்சுப் போட்டி மேடையில் நாலு நிமிடம் தடங்கலே இல்லாமல் பேசி முடித்துவிட்டு நிற்கிறாள். நடுவர் மைக்கை வாங்கி, "தமிழ் வாழ்கன்னு சொல்லு பாப்பா" என்கிறார். "தமிள் வாள்க" என்கிறாள். மறுபடி சொல்லச் சொல்கிறார். மறுபடியும் அப்படியே வருகிறது. மூன்றாவது தடவை அரங்கமே சிரிக்கிறது. நாலாவது தடவை அவள் வாயைத் திறக்கவில்லை. பாவாடை ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்கிறாள். "தமிழ்னே சொல்ல வரல, தமிழைப் பத்திப் பேச வந்தாச்சு" என்று அவர் முடிக்கிறார்.

பகிர்ந்தவர்களில் பெரும்பாலோர் நடுவர் பக்கம், "அந்தப் பிள்ளைக்கு நாக்கு சரியில்லை" என்கிறார்கள். அதில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

18 வருடமாகக் கல்லூரியில் ஒலியியல் பாடம் நடத்துகிறேன். அந்தப் பேச்சை ஹெட்போன் போட்டு மூன்று முறை கேட்டேன். ழ வரவேண்டிய இடம் அத்தனையிலும் ள வந்தது. ஓரிடத்தில்கூடத் தடுமாறி ல-வாகவோ ய-வாகவோ ஆகவில்லை. அந்த ள இருக்கிறதே, அதுவே லேசான ஒலி இல்லை. நாக்கு நுனியை மேலே மடித்து, வாயின் மேற்கூரையான அண்ணத்தில் வைத்து, காற்றை இரண்டு பக்கமும் விட வேண்டும். தமிழ் கற்க வரும் வெளிநாட்டவர் பலரும் மாதக்கணக்கில் திணறும் ஒலி அது. இதை இவ்வளவு சுத்தமாகச் சொல்லும் நாக்கைப் பார்த்துத்தான் "நாக்கு சரியில்லை" என்கிறீர்கள்.

அவள் பேச்சைக் கேட்டால் மதுரைக்குத் தெற்கே என்று தெரிகிறது. அந்தப் பக்கம் பழம் என்பது பளம், கிழவி கிளவி, மழை மளை. யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கிறது. சென்னைப் பேச்சில் அதே ழ, ய ஆகி 'வாயப்பயம்' என்று வரும். வீட்டில் அம்மாவும் அப்பத்தாவும் எதைச் சொன்னார்களோ அதை அந்தக் குழந்தை ஒரு மயிரிழை பிசகாமல் பிடித்திருக்கிறாள். குழந்தைகள் அப்படித்தான் பிடிப்பார்கள். 1984-இல் கனடாவில் வெர்க்கர், டீஸ் என்ற இரண்டு பேர் செய்த ஆய்வு எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலம் பேசும் வீட்டுக் கைக்குழந்தைகளுக்கு இந்தி ட-வையும் த-வையும் கேட்கவைத்தார்கள். ஆறேழு மாதத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்கு வித்தியாசம் தெரிந்தது. ஒரு வயதை நெருங்கும்போது அதே வித்தியாசம் அவர்கள் காதில் விழவில்லை. வீட்டில் எது தேவையோ அதற்குக் காது தன்னைத் தீட்டிக்கொள்கிறது. நடக்கப் பழகும் முன்பே நடந்து முடிந்துவிட்ட ஒன்றுக்காக ஏழு வயதில் மேடையில் நிறுத்தித் தண்டனை கொடுக்கிறோம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்கு விருதுநகர்ப் பக்கம். அப்பா தள்ளுவண்டியில் வாழைப்பழம் விற்றார். "நாட்டுப்பளம், கோளிக்கூடு" என்று தெருக்கோடி வரை கேட்கும் குரல். ஏழாம் வகுப்பில் ஒரு நாள் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார்கள். நானும் அப்பா மாதிரியே 'பளம்' என்றேன். அன்றிலிருந்து பள்ளி முடியும்வரை என் பெயர் 'பளம்'. வாசிக்கக் கூப்பிடுவார்களோ என்ற பயத்திலேயே தமிழ் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் போனேன். தமிழ்தான் எனக்கு மிகவும் பிடித்த பாடம்.

ழ எனக்கு 22 வயதில்தான் வந்தது. எம்.ஏ. படிக்கும்போது ஒலியியல் செய்முறை வகுப்பு. கரித்தூளை ஆலிவ் எண்ணெயில் குழைத்து நாக்கில் தூரிகையால் பூசுவார்கள். பிறகு ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வாயை அகலத் திறக்க வேண்டும். உள்ளே கண்ணாடி வைத்து மேலண்ணத்தைப் படம் எடுப்பார்கள். நாக்கு பட்ட இடமெல்லாம் கறுப்பு ஒட்டியிருக்கும். இதற்குத் தேர்ந்தெடுக்கும் சொல்லில் நாக்கு வேலை செய்யும் வேறு மெய் இருக்கக் கூடாது. அதனால் பேராசிரியர் கரும்பலகையில் எழுதிய சொல், பழம். ப-வுக்கும் ம-வுக்கும் உதடு போதும், கறையெல்லாம் ழ போட்டதாக மட்டுமே இருக்கும். எந்தச் சொல்லுக்காக ஐந்து வருடம் கூனிக் குறுகினேனோ அதே சொல். என் முறை வந்தபோது தொண்டை அடைத்துவிட்டது. வீட்டில் சொல்வதுபோலவே 'பளம்' என்றேன். அண்ணத்தின் நடுவில் கட்டைவிரல் ரேகை வைத்த மாதிரி ஒரு கறுப்பு. அடுத்து ஒரு தோழி 'பழம்' என்றாள். அவள் அண்ணத்தில் நடு முழுக்கச் சுத்தம். இரு பக்கமும் கடைவாய்ப் பற்களின் ஓரத்தில் மட்டும் மெல்லிய கறை.

யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இங்கே தொடுது, இங்கே தொடல, அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு 22 வயது வரை ஒருவரும் கிடைக்கவில்லை.

எழுத்துகள் வாயில் பிறக்கும் விதத்தைச் சொல்லும் பிறப்பியலில் தொல்காப்பியர் இதைச் சொல்லியிருக்கிறார். "நுனிநா அணரி அண்ணம் வருட", அதாவது நாக்கு நுனி மேலே நிமிர்ந்து அண்ணத்தைத் தடவ, ரகாரமும் ழகாரமும் பிறக்கும் என்கிறார். அதற்கு முந்தைய நூற்பாவில் ற, ன இரண்டுக்கும் அண்ணம் 'ஒற்ற' என்கிறார். ஒற்றுவது அழுந்தத் தொடுவது, வருடுவது தடவிப் போவது. இந்த ஒரு சொல் வித்தியாசத்தைக் கவனித்து எழுதிவைத்த மனிதர், நாக்கு எங்கே போகிறது என்றுதான் சொன்னார். வராதவனைத் திட்ட ஒரு நூற்பாவும் எழுதவில்லை. 1999-இல் அமெரிக்காவில் ஸ்ரீகாந்த் நாராயணன் குழுவினர் தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் எம்.ஆர்.ஐ. கருவியால் படமெடுத்து ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வை வாசித்தபோதெல்லாம் எனக்கு இந்த நூற்பாதான் ஞாபகம் வந்தது.

"அப்போ ழ அழிந்து போகட்டும் என்கிறாயா?" என்று கேட்பீர்கள். நேற்றே ஒருவர் உள்பெட்டியில் கேட்டுவிட்டார். இல்லை. ழ எனக்கு வேண்டும். உங்களைவிட அதிகமாகவே வேண்டும், ஏனென்றால் நான் அதைத் தேடிப் போய் வாங்கினேன். சொல்லிக்கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். அந்த மேடையில் யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? "மறுபடி சொல்லு, மறுபடி சொல்லு" என்பது எப்படிச் சொல்லிக்கொடுப்பதாகும்?

"ழ போனால் தமிழே போச்சு" என்பவர்களுக்கு ஒன்று. கோழி மலையாளத்திலும் கோழிதான். கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி. ஏழு என்பது கன்னடத்தில் ஏளு, தெலுங்கில் ஏடு. பழங்கன்னடத்தில் ழ இருந்தது, தனி எழுத்தும் இருந்தது, காலப்போக்கில் போய்விட்டது. கன்னடர்களுக்கு நாக்கு சரியில்லை என்று யாராவது சொல்வோமா? மொழிகளில் ஒலி இப்படித்தான் நகரும். அதே நகர்வு நம் தென் மாவட்டத்தில் நடந்தால் மட்டும் அது தமிழ்ப்பற்று இல்லாமை ஆகிவிடுகிறது.

இன்னொன்று. அந்த நடுவர் தன் உரையில் 'பறவை' என்றார், 'மரம்' என்றார். இரண்டிலும் ஒரே ர-தான் கேட்டது. ற-வுக்கும் ர-வுக்கும் மலையாளத்தில் இன்றும் வித்தியாசம் உண்டு, கன்னியாகுமரிப் பக்கம் பலர் வாயிலும் உண்டு. நம்மில் பெரும்பாலோர் அதைத் தொலைத்துவிட்டோம். ந-வும் ன-வும் அப்படித்தான். 'வெற்றி' என்பதை நாம் 'வெட்ரி' போலச் சொல்கிறோம். யாழ்ப்பாணத்தார் அந்த ற்ற-வை ஒரே ஒலியாக ஒற்றிச் சொல்கிறார்கள். டொரான்டோவை அவர்கள் ரொறன்ரோ என்று எழுதுவதைப் பார்த்து இங்கே எத்தனை பேர் கேலி செய்திருக்கிறோம்! அவர்கள் வாயில் அந்த ஒலி உயிரோடு இருப்பதால்தான் அப்படி எழுதுகிறார்கள். நடுவரை இழிவுபடுத்த இதைச் சொல்லவில்லை. அவர் ற தொலைத்ததும் இந்தப் பிள்ளை ழ தொலைத்ததும் ஒரே வழியில்தான். அவருக்கு மைக், இவளுக்குச் சிரிப்பு. அது எனக்கு வலிக்கிறது.

"செய்தி வாசிப்பவரும் பளம் என்று வாசிக்கலாமா?" கூடாது. அது அவர் தொழில், பயிற்சி எடுக்கட்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது தொழில் இல்லை.

"கண்டித்தால்தான் வரும், நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் கற்றோம்" என்பவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எனக்குக் கேலியால் ழ வரவில்லை, பேச்சு நின்றதுதான் மிச்சம். எனக்கு மட்டும் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் ஊருக்குப் போய், புதிதாகக் கற்ற ழ-வை வைத்துக்கொண்டு அப்பாவைத் திருத்தினேன். "பளம் இல்லப்பா, பழம்." ஒரு தடவை இல்லை, அந்த விடுமுறை முழுக்க. அவர் சிரித்துக்கொண்டே முயற்சி செய்தார். அதன் பிறகு என் கல்லூரி நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா பேசமாட்டார். "வாங்க" என்பார், பழத்தைத் தட்டில் வைப்பார், உள்ளே போய்விடுவார். தெருக்கோடி வரை கேட்ட குரல் அது. அந்தப் பிள்ளை பாவாடையைச் சுருட்டிக்கொண்டு நின்றபோது எனக்குத் தெரிந்தது அப்பாவின் முகம்தான்.

அவள் அம்மாவோ அப்பாவோ இதைப் படிக்க நேர்ந்தால்: அவளுக்கு ஒன்றும் இல்லை. மேடைக்கு மறுபடி அனுப்புங்கள். ழ வேண்டும் என்று அவளே கேட்டால், ஒரு கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். 'ஆ' என்று நீளமாக இழுக்கச் சொல்லுங்கள். சத்தத்தை நிறுத்தாமலே நாக்கு நுனியை மெதுவாக மேலே தூக்கிப் பின்னால் மடக்க வேண்டும். நுனி மட்டும் எங்கேயும் படக்கூடாது, பட்டால் ள ஆகிவிடும். முதலில் நீங்கள் செய்துகாட்டுங்கள், உங்களுக்கும் வராமல் போகலாம், இரண்டு பேரும் சேர்ந்தே பழகுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும்.