பல்சார் கோள்கள் வெடிப்பில் தப்பியவை அல்ல

தம்பி, பிஎஸ்ஆர் பி1257+12 என்ற பல்சாரின் (வெடித்த விண்மீனின் எச்சமாய், சுழன்றபடி ரேடியோத் துடிப்புகள் விடும் உருண்டை) மூன்று கோள்களும் சூப்பர்நோவா எனும் விண்மீன் வெடிப்பில் தப்பியவை, நிலாவெளிக் கரையிலிருந்து பார்க்கலாம் என்கிறீர்கள். இரண்டும் பிழை. வெடிப்பில் விண்மீனின் திணிவில் பாதிக்கு மேல் சட்டென்று போனால், வட்டப் பாதையில் சுற்றிய கோள் பொதுவாகக் கழன்று ஓடிவிடும். அதோடு இவை 0.19 முதல் 0.46 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) தூரத்தில் சுற்றுகின்றன. வெடிக்குமுன் அந்தப் பழைய விண்மீன் ஊதிப் பெருத்தபோது அந்த இடமே அதன் வயிற்றுக்குள் இருந்திருக்கும். பெரிய இரண்டின் பாதைகளும் ஏறக்குறைய வட்டம், ஒரே தளம். அனேகமாக வெடிப்புக்குப் பிறகு, சிதைந்த துணை விண்மீனின் தூசித் தட்டில் புதிதாகத் திரண்டவை.

1992இல் வானியலாளர்கள் வோல்ஸ்சானும் ஃபிரெயிலும் கண்டது கோள்களின் படமல்ல, அவை இழுத்துப் பல்சார் அசைவதால் அதன் ரேடியோத் துடிப்புகள் மில்லிசெக்கன் அளவில் முந்திப் பிந்தி வந்ததைத்தான். ஏப்ரல் நள்ளிரவில் திருகோணமலைக்கு அந்தப் பல்சார் கிட்டத்தட்ட உச்சியில், கன்னி ராசியில் நிற்கும். ஆனால் வீட்டுத் தொலைநோக்கி எதிலும் அகப்படாது.