வெனிஸில் காசு கொடுக்காமல் உட்கார ஓர் இடம் வேண்டும்

மூட்டு வலி உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு வெனிஸ் ரயில் நிலையத்திலிருந்து சான் மார்கோ சதுக்கம் வரை நடந்து பாருங்கள். காசு கொடுக்காமல் உட்கார ஓர் இடம் கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது அப்போதுதான் உறைக்கும். எனக்கு உலகத்திலேயே மிகவும் பிடித்த ஊர் அது. இந்த முறை சில நாட்களுக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை.

அந்த ஊரின் அமைப்பை யோசித்துப் பாருங்கள். 118 தீவுகள், 400-க்கும் மேற்பட்ட பாலங்கள். கார் கிடையாது, பஸ் கிடையாது, சைக்கிள் ஓட்டவும் தடை. பாலம் என்றால் அநேகமாக ஏறி இறங்கும் படிகள்தான். ஹாரன் சத்தமே இல்லாமல் தண்ணீர் ஓரமாக நடக்கும் சுகத்துக்காகத்தான் நான் மறுபடி மறுபடி அங்கே போகிறேன், அதை மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் நாள் முழுக்க நடந்தே ஆக வேண்டிய ஊரில், கால் ஓய்ந்தால் உட்கார மற்ற ஊர்களைவிட அதிக இடம் இருக்க வேண்டாமா? நடந்தது நேர்மாறு. நிலையத்தில் இறங்கியதும் கால்வாயைப் பார்த்தபடி இருக்கும் படிக்கட்டில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. ஏன் எல்லோரும் இங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பாதி வழியில் இருக்கும் ரியால்டோ பாலத்தை அடைவதற்குள் புரிந்துவிட்டது.

சான் மார்கோ சதுக்கத்தின் படிகளிலும் வளைவுத் தாழ்வாரங்களிலும் உட்காரக் கூடாது, மீறினால் அபராதம். விதி ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். பளிங்குப் படியில் பீட்சா எண்ணெயைக் கொட்டிவிட்டு, காலி பாட்டிலையும் அங்கேயே போட்டுவிட்டுப் போனவர்களால் வந்தது. 2019-இல் ரியால்டோ பாலத்தின் படியில் சின்ன அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்ட இரண்டு ஜெர்மானியர்களுக்கு 950 யூரோ அபராதம் விதித்து ஊரைவிட்டே அனுப்பினார்கள். பழைய கல் பாலத்தில் அடுப்பு பற்றவைத்தால் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் எழுபது வயதைத் தாண்டிய அம்மா, கையில் ஒரு தண்ணீர் பாட்டில் தவிர எதுவும் இல்லாமல், ஒரு பாலத்தின் கடைசிப் படியில் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்ததற்கு, சீருடை அணிந்த ஒருவர் வந்து எழுந்திருக்கச் சொன்னார். சரி, வேறு எங்கே உட்காரலாம் என்று கேட்டேன். கையை நீட்டி எதிரே இருந்த கஃபேயைக் காட்டினார்.

எனக்கு வயிறு எரிந்தது அங்கேதான். இத்தாலியில் காப்பியைக் கவுன்ட்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. சாப்பிட உட்கார்ந்தால் பல இடங்களில் ‘கோப்பெர்த்தோ’ என்று ஆளுக்கு இவ்வளவு என்று தனியாகப் போடுவார்கள். சான் மார்கோவில் வாத்தியக் குழு வாசிக்கும் கஃபேக்களில் இசைக்கும் சேர்த்துப் பில் வரும். விரும்பிப் போகிறவர்கள் தாராளமாகக் கொடுக்கட்டும். ஐந்து நிமிடம் முழங்காலை நீட்டி உட்காரத் தவிக்கும் ஒருத்திக்கும் அதே வழிதான் என்றால் அது அநியாயம். அந்த நாற்காலிகள் போட்டிருப்பதும் பொது நிலத்தில்தான். ‘பிளாத்தேஆத்திகோ’ என்று வெனிஸ்காரர்கள் சொல்லும் இந்த வெளிமேசைகள் கொரோனா காலத்தில், கடைகள் பிழைக்க வேண்டும் என்று கொடுத்த சலுகையில், இத்தாலி முழுக்கவே பரவின. கடைக்காரர் நாற்காலி போட்டால் அது வியாபாரம், அதே தரையில் களைத்துப்போன ஒருவர் குந்தினால் குற்றமா?

வெள்ளம் வரும்போது மக்கள் நடப்பதற்காகப் போடும் மேடைப் பலகைகளை அங்கங்கே அடுக்கி வைத்திருப்பார்கள். 2019 நவம்பர் 12-ஆம் தேதி தண்ணீர் 187 சென்டிமீட்டர் ஏறிய ஊர் அது. 2020 அக்டோபரில், கடல் நீர் ஊருக்குள் வராமல் தடுக்கும் ‘மோசே’ மதகுகள் முதல் முறையாக எழும்பித் தண்ணீரை நிறுத்திய பிறகு அந்தப் பலகைகளுக்கு வேலை குறைந்துவிட்டது. இப்போது அவற்றின் மேல் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். மடியில் குழந்தையோடு ஒரு பெண், பக்கத்தில் ஊன்றுகோலோடு ஒரு பெரியவர். பெஞ்சு போடாத ஊரில் வெள்ளப் பலகைதான் பெஞ்சு!

‘வபோரெட்டோ’ என்னும் பயணிகள் படகுகளின் துறையிலாவது அம்மாவை உட்கார வைக்கலாம் என்று போனேன். மிதக்கும் மேடைக்குள் இருக்கைகள் இருக்கின்றன, மேலே கூரையும் உண்டு. ஆனால் உள்ளே போக டிக்கெட் வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ. வாங்கினோம். முதலாம் எண் படகில் பெரிய கால்வாய் முழுக்க அம்மா உட்கார்ந்தே வந்தார். அவருக்கு அந்த ஊரில் பிடித்தது என்ன என்று கேட்டால் அந்தப் பயணத்தைத்தான் சொல்வார். எந்த மாளிகை அழகு என்பதில் அவருக்கு அக்கறையே இருக்கவில்லை.

“இவ்ளோ பெரிய ஊர்ல ஒரு திண்ணை கூடவா இல்ல?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெஞ்சே இல்லை என்று சொன்னால் அது பொய். சாந்தா மார்கெரீத்தா திடலில் இருக்கிறது, சான் போலோ திடலில் சிவப்பு பெஞ்சுகள் இருக்கின்றன. சான் மார்கோவுக்குப் பக்கத்திலேயே 2019 கடைசியில் சீரமைத்துத் திறந்த அரச தோட்டமும் இருக்கிறது. ஆனால் அது எத்தனை பேருக்குத் தெரியும்? சதுக்கத்தில் எழுந்திருக்கச் சொல்கிறவர்கள் அந்தத் தோட்டத்துக்கு வழி காட்டினால் என்ன குறைந்துவிடும்? நாங்கள் சந்து சந்தாகப் போய்ச் சேர்ந்தது சான் ஜாகொமோ தெல்லோரியோவில். தேவாலயத்தின் பின்புற வளைவை ஒட்டிச் சின்னத் திடல், மரங்கள், நிழலில் பெஞ்சுகள். பள்ளி விட்டு வந்த பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். காய்கறித் தள்ளுபையோடு வந்த ஒரு பாட்டி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். அம்மாவும் தன்னுடையதைத் தட்டிக் காட்டினார். அப்புறம் இருவரும் அவரவர் மொழியில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான்கு பலகையும் நிழலும் இருந்தால் வெனிஸ் என்ன ஆகும் என்பதை நான் அங்கே கண்ணால் பார்த்தேன். இதைத்தான் வழியெங்கும் கேட்கிறேன்.

சுற்றுலாக்காரர்களின் செல்லக் கோபம் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். அந்தத் தள்ளுபைப் பாட்டியும் ரியால்டோ சந்தைக்குப் போய் இதே பாலங்களைத்தான் ஏறி இறங்குகிறார். 1951-இல் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரத்தில் 2022-இல் எண்ணிக்கை 50,000-க்குக் கீழே போய்விட்டது. சான் பர்த்தொலொமேயோ திடலில் ஒரு மருந்துக் கடையின் ஜன்னலில் மீதமிருக்கும் மக்கள் தொகையை மின்பலகையில் காட்டுகிறார்கள். அதைப் பார்க்கவே மனது கனக்கிறது. வயதானவர்கள் நின்று மூச்சு வாங்கக்கூட இடமில்லாத தெருவில் அவர்கள் எப்படித் தொடர்ந்து குடியிருப்பார்கள்?

இது வெனிஸோடு நிற்கவும் இல்லை. 2017-இல் ஃபுளோரன்ஸில் மதிய உணவு நேரத்தில் தேவாலயப் படிகளில் தண்ணீர் பீய்ச்சி நனைத்தார்கள், யாரும் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று. 2019-இல் ரோமின் ஸ்பானியப் படிகளில் உட்கார்ந்தால் 400 யூரோ வரை அபராதம் என்றார்கள். குப்பை போடுகிறவனைப் பிடியுங்கள், எச்சில் துப்புகிறவனைப் பிடியுங்கள். உட்காருவதையே ஏன் குற்றமாக்குகிறீர்கள்?

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாட்களில் பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். அந்த ஆண்டு 29 நாட்களில் 24 லட்சம் யூரோவுக்கு மேல் வந்தது. 2025-இல் 54 நாட்களாக நீட்டி, கடைசி நேரத்தில் பதிவு செய்கிறவர்களுக்கு 10 யூரோ ஆக்கினார்கள். தங்குகிறவர்களிடம் இரவுக்கு இவ்வளவு என்று தனி வரி. வாங்கட்டும், நான் முணுமுணுக்காமல் கட்டுகிறேன், அந்த ஊர் பிழைக்க வேண்டும். ஆனால் அந்தப் பணத்தில் ரியால்டோ பாலத்தின் இரண்டு பக்க அடிவாரத்திலும், நிலையத்திலிருந்து சான் மார்கோ போகும் வழி நெடுகிலும், ஒவ்வொரு படகுத் துறைக்கு வெளியிலும் முதுகு சாய்க்கிற மாதிரி பெஞ்சு போடுங்கள். கஃபே மேசைகளை இரண்டு வரிசை உள்ளே தள்ளினால் இடம் தானாகக் கிடைக்கும். பெஞ்சு போட்ட பிறகு படியில் உட்காருகிறவர்களிடம் எவ்வளவு வேண்டுமானாலும் அபராதம் வாங்குங்கள்.