பெயரை அழித்தால் ஆள் மறைந்துவிடுவாரா?

"உங்கள் பெயரையும் முகவரியையும் நீக்கிய பிறகே தரவுகளைப் பகிர்வோம்." புற்றுநோய் ஆய்வுக்குத் திசு கொடுக்கும் நோயாளிக்குத் தரப்படும் உறுதி பெரும்பாலும் இவ்வளவுதான். அதை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவர்களிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது ஒன்று உண்டு. ஆளைக் காட்டிக்கொடுப்பதற்குப் பெயர் தேவையில்லை. உள்ளே இருக்கும் மரபணு வரிசையே போதும்.

2008-இல் அமெரிக்காவில் ஹோமர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதை அப்பட்டமாகக் காட்டினார்கள். பல நூறு பேரின் டிஎன்ஏ-வைக் கலந்து, மொத்தக் கணக்கை மட்டுமே வெளியிட்டிருந்தாலும், ஒருவருடைய மரபணு விவரம் கையில் இருந்தால் அவர் அந்தக் கூட்டத்தில் இருந்தாரா என்று கண்டுபிடித்துவிடலாம் என்றது அவர்களுடைய கட்டுரை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் அதுவரை பொதுவில் வைத்திருந்த சுருக்கத் தரவுகளை இழுத்து மூடியது. 2013-இல் எர்லிக் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோமையும் வம்சாவளித் தளங்களில் கிடைக்கும் குடும்பப்பெயர்களையும் பொருத்தி, பெயரில்லாத ஆய்வுத் தரவுகளிலிருந்து ஏறத்தாழ 50 பேரை அடையாளம் கண்டார்கள். (நமக்குத்தான் குடும்பப்பெயர் கிடையாதே என்று நிம்மதி அடைய வேண்டாம். தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த சமூகத்தில் மரபணுவே பாதி ஜாதகத்தைச் சொல்லிவிடும்.)

அப்படியானால் யாரும் திசு கொடுக்கவே வேண்டாமா? அது என் கட்சி அல்ல. நுரையீரல் புற்றுநோயையே பாருங்கள். இஜிஎஃப்ஆர் மரபணுவில் சில பிறழ்வுகள் கொண்ட கட்டிகள் ஜெஃபிடினிப் மாத்திரைக்கு முதலில் நன்றாகச் சுருங்கும். பிறகு மறுபடியும் வளரத் தொடங்கும். ஏன் என்று தெரிந்தது, முதலில் எடுத்த பயாப்சியையும் நோய் திரும்பிய பின் எடுத்த பயாப்சியையும் ஒப்பிட்டபோதுதான். ஏறக்குறைய பாதிப் பேரிடம் டி790எம் என்ற இன்னொரு பிறழ்வு தலைதூக்கியிருந்தது. அதையும் சமாளிக்கும் மருந்தாகப் பின்னால் ஒசிமெர்டினிப் வந்தது. இரண்டு திசுக்களும் ஒரே ஆளுடையவை என்று தெரிந்தால்தான் இப்படி ஒப்பிட முடியும். எல்லாத் தொடர்பையும் அறுத்துவிடும் மறைப்பு, நோயாளியைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டே ஆய்வைக் கொன்றுவிடும்.

கணினித் துறையினர் உருவாக்கிய அநாமதேயக் கையொப்பங்கள், அதாவது இட்டவர் யார் என்று காட்டாத மின்கையொப்பங்கள், இந்த இடத்தில்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. நோயாளி தன் ஒப்புதலிலும் திசு மாதிரியிலும் பெயருக்குப் பதில் இதை இடலாம். 1991-இல் சௌமும் வான் ஹைஸ்டும் முன்வைத்த குழுக் கையொப்பத்தில், கையொப்பமிட ஒவ்வொருவருக்கும் தனித்தனி ரகசியச் சாவி (அவருக்கு மட்டுமே தெரிந்த ரகசிய எண்). சரிபார்க்க ஒரே பொதுச் சாவி. இந்த ஆய்வில் பங்கேற்கும் ஒருவர்தான் கையொப்பமிட்டார் என்பது உறுதியாகும். எவர் என்பது தெரியாது. ஆளைக் கண்டறியும் திறப்புச் சாவி குழு நிர்வாகியிடம் மட்டும் இருக்கும். 2001-இல் ரிவெஸ்ட், ஷமீர், டாமன் மூவரும் தந்த வளையக் கையொப்பத்தில் அந்த நிர்வாகியே கிடையாது. 2004-இல் பிரிக்கெல், காமெனிஷ், சென் ஆகியோர் கணினியின் பாதுகாப்புச் சில்லுக்காக வகுத்த முறையோ இன்னும் நுட்பமானது. ஒரே தலைப்பின் கீழ் இட்ட கையொப்பங்கள் ஒருவருடையவை என்று தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். வேறு தலைப்பில் இட்டவற்றோடு அவற்றை இணைக்க முடியாது. ஆய்வின் பெயரைத் தலைப்பாக வைத்தால் இரண்டு பயாப்சிகளும் சேர்ந்துவிடும், பக்கத்து ஆய்வுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. பெயர் சொல்லாமலே ஒப்புதல் தரலாம், அதைத் திரும்பப் பெறலாம், புகாரும் செய்யலாம்.

திறப்புச் சாவியே வேண்டாம் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. பிஆர்சிஏ1 மரபணுவில் மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பரம்பரைப் பிறழ்வு இருப்பது ஆய்வின் நடுவே தெரியவந்தால், அந்தப் பெண்ணுக்கு அதைச் சொல்ல ஒரு வழி வேண்டும். அவருடைய மகளுக்கும் அது வந்திருக்க ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தச் சாவி மருத்துவமனையிடமோ பணம் போடும் நிறுவனத்திடமோ முழுதாக இருக்கக் கூடாது. ஷமீர் 1979-லேயே ரகசியத்தைப் பங்குபோட வழி சொல்லிவிட்டார். மருத்துவமனைக்கு ஒரு பங்கு, நெறிமுறைக் குழுவுக்கு ஒன்று, நோயாளிகளின் பிரதிநிதிக்கு ஒன்று. எவர் இருவர் சேர்ந்தாலும் திறக்கலாம், தனியாக ஒருவரால் முடியாது.

கையொப்பம் இருந்தால் மரபணுத் தரவையே பொதுவில் கொட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அனுப்புநர் பெயரை எழுதாமல், உறைக்குள் தன் புகைப்படத்தை வைத்து அனுப்புவது போன்றது அது. முழு வரிசை கட்டுப்பாட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

2025 பிப்ரவரியில் சென்னை ஐஐடி வெளியிட்ட புற்றுநோய் மரபணுத் தரவுத்தளத்துக்கு அடிப்படை, 480 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் எடுத்த மாதிரிகள். இந்த முயற்சியை மனமாரப் பாராட்டுகிறேன். வெள்ளையர்களின் கட்டிகளைப் படித்தே நம் பெண்களுக்கு மருந்து எழுதிக்கொண்டிருக்க முடியாது. இப்படிப்பட்ட தரவுத்தளங்கள் பெருகப் பெருக, எல்லாவற்றையும் ஒரே எண்ணில் கட்டிவிடலாமே என்ற ஆசையும் வரும். ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கணக்கின் 14 இலக்க எண் அதற்குத் தயாராகவே இருக்கிறது. சிகிச்சைக்கு அது வசதி, மறுக்கவில்லை. ஆய்வுத் தரவில் அதை ஒட்ட வேண்டும் என்று எந்தக் குழுவாவது பரிந்துரைத்தால், நோயாளிகளின் சங்கங்கள் முதல் நாளே எதிர்க்க வேண்டும்.